தீட்டு வேறு, அழுக்கு வேறு

(ஒரு பொதுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தலைவர் அவர்கள் நம்மைப் பற்றிச் சொன்ன புகழ்ச்சியில் பாதிக்கு மேல் நமக்குப் பொருந்தாது. நாம் பெரிய படிப்புப் படித்தவரல்ல. எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் நமக்கும் உறவு அற்றுப் போயிற்று. பிறகு தெரிந்து கொண்டதெல்லாம் வாசகசாலையில் படித்ததும், படித்தவர்களை விடாமல் கேட்டுக் கேட்டுத் தெரிந்து கொண்டதுமேயாகும். ஆதலால் நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் ஒப்புக் கொள்ளாதீர்கள். உங்கள் அறிவில் போட்டுப் பாருங்கள். சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே தள்ளிவிட்டுப் போங்கள்.

தோழர்களே! இன்று வேறு விஷயம் பேசுவதாகத்தான் நினைத்து வந்தோம். ஆனால் இந்த மேடைக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடை நம்மை விடமாட்டேன் என்கிறது. முன் வரிசையில் உள்ளவர்கள் எல்லோரும் துண்டால் மூக்கை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே அந்தச் சாக்கடையைப் பற்றியே பேசிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டோம். சாக்கடையைப் பற்றி ஒரு சொற்பொழிவா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நாம் அதைவிட மோசமான விஷயங்களைப் பற்றியெல்லாம் பிரசங்கம் கேட்டவர்கள்தானே!

முதலில் ஒரு சங்கதி. நம் நாட்டில் தண்ணீர் கெட்டுப் போவதற்கு இரண்டு காரணம் சொல்லுவார்கள். ஒன்று அழுக்கு, மற்றொன்று தீட்டு. அழுக்கு என்பது கண்ணுக்குத் தெரிவது, மூக்குக்குத் தெரிவது, வயிற்றுக்குத் தெரிவது. தீட்டு என்பது எந்தப் பொறிக்கும் தெரியாதது. புரோகிதனுக்கு மாத்திரமே தெரிவது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொண்டதுதான் நம் ஊர்களின் நாற்றத்துக்கு மூலகாரணம் என்பது நம் அபிப்பிராயம்.

பம்பாய் மாகாணத்தில் மகாத் என்று ஓர் ஊர். அங்கே சௌதார் குளம் என்று ஒரு பொதுக் குளம். 1927ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர் அவர்கள் பெருங்கூட்டமாகத் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களை அழைத்துக் கொண்டு போய் அந்தக் குளத்தில் தண்ணீர் குடித்தார். ஆடு குடித்த குளம், மாடு குடித்த குளம். அப்போதெல்லாம் கெடாத தண்ணீர் மனிதன் கைவைத்ததும் கெட்டுவிட்டதாம். உடனே மேல்ஜாதிக்காரர்கள் என்ன செய்தார்கள்? சாணி, மூத்திரம், பால், தயிர் எல்லாம் கலந்து 108 பானை குளத்தில் கொட்டி, மந்திரம் சொல்லி, குளம் சுத்தமாகிவிட்டது என்றார்கள். தோழர்களே! இப்போது உங்கள் அறிவைக் கொண்டு சொல்லுங்கள். அந்தக் குளம் கெட்டது எப்போது? மனிதன் இரு கைகளால் அள்ளிக் குடித்தபோதா? சாணியையும் மூத்திரத்தையும் பானை பானையாகக் கொட்டியபோதா? அந்தக் குளம் பொதுக் குளம்தான் என்பதற்கு வழக்காடி, பம்பாய் ஹைக்கோர்ட்டில் தீர்ப்பு வாங்குவதற்கு 1937ஆம் ஆண்டு வரை பிடித்தது.

தீட்டைக் கழிப்பது சுலபம். இல்லாத ஒன்றைக் கழிப்பதற்கு என்ன கஷ்டம்? நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தாலும் போய்விடும், தெளிக்காவிட்டாலும் போய்விடும். அழுக்கு அப்படியல்ல. அழுக்கு ஒரு பொருள். அதை யாராவது எடுக்க வேண்டும். அல்லது ஏதாவது தின்ன வேண்டும். அல்லது எங்கேயாவது போய் அது சேர வேண்டும். இதை மாத்திரம் நினைவில் வைத்துக் கொண்டு மேலே கேளுங்கள்.

சாக்கடைத் தண்ணீர் ஏன் கறுத்து நாறுகிறது? அதில் மலம், சோறு, எண்ணெய், சோப்பு எல்லாம் கரைந்து கிடக்கின்றன. இவற்றைத் தின்பதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவை நமக்கு எதிரிகளல்ல. உலகத்திலே கூலி வாங்காமல் தோட்டி வேலை செய்கிற ஒரே கூட்டம் அவைதான். ஆனால் அவை தின்பதற்குப் பிராணவாயு வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கிற பிராணவாயு கொஞ்சம்தான். அழுக்கு அதிகமாகிவிட்டால் அந்தக் கொஞ்சமும் தீர்ந்து போகும். தீர்ந்து போனதும் பிராணவாயு வேண்டாத வேறு வகைக் கிருமிகள் வேலையை எடுத்துக் கொள்ளும். அவை விடுகிற வாயுதான் இப்போது உங்கள் மூக்கில் ஏறுவது. அழுகின முட்டை நாற்றம் என்று சொல்லுகிறோமே, அதுதான்.

அப்படியானால் சாக்கடையைச் சுத்தம் செய்வது என்றால் என்ன? கிருமிகளுக்குக் குடியிருக்க இடமும், சுவாசிக்கப் பிராணவாயுவும், தின்று முடிக்க அவகாசமும் கொடுப்பதுதான். பெரிய பட்டணங்களில் இதை யந்திரத்தால் காற்று ஊதிச் செய்கிறார்கள். அதற்கு மின்சாரம், பணம், ஆள் எல்லாம் வேண்டும். இதே வேலையைக் குளத்தங்கரைக் கோரையையும் சம்பையும் நாணலையும் கொண்டு செய்ய முடியும் என்பதுதான் இன்று நாம் சொல்ல வந்தது.

இதை முறையாகச் சோதித்தவர் ஒரு பெண்மணி. ஜெர்மனி தேசத்தில் கேத்தே சைடெல் என்ற அம்மையார் 1950களின் தொடக்கத்தில் கோரை இனத்துச் செடிகளை அழுக்குத் தண்ணீரில் வளர்த்து ஆராய்ந்தார்கள். ஃபீனால் என்கிற விஷப்பொருள் கலந்த தண்ணீரைக்கூட அந்தச் செடிகள் தாங்கி நின்று, அதன் அளவையும் குறைத்ததை எடுத்துக் காட்டினார்கள். இன்ஜினீயர்களில் பலர் நம்பவில்லை. புல்லாவது, சாக்கடையைச் சுத்தம் செய்வதாவது என்றார்கள். அம்மையார் விவாதம் செய்து கொண்டிருக்காமல் சோதனையை மேலும் மேலும் செய்து கொண்டே போனார்கள். பிறகு ரைன்ஹோல்ட் கிக்குட் என்பவர் வேறொரு விதமாக, மண்ணில் நாணலை நட்டு அதன் வேர்களுக்கிடையே சாக்கடை நீரை நடக்க விடும் முறையைக் கொண்டு வந்தார். 1974இல் ஒத்ஃபிரேசன் என்ற ஜெர்மன் ஊரில் ஓர் ஊர்ச் சாக்கடைக்கே இம்முறையில் பாத்தி போடப்பட்டது. இன்று ஐரோப்பாவில் சிறு ஊர்கள் பலவற்றில் இத்தகைய பாத்திகள் வேலை செய்து கொண்டிருக்கின்றன.

செடி என்ன செய்கிறது? இங்கேதான் கவனிக்க வேண்டும். செடியே எல்லா அழுக்கையும் உறிஞ்சி விடுகிறது என்று பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். அது தப்பு. பெரும்பாலான வேலையைச் செய்வது வேரைச் சுற்றிக் குடியிருக்கும் கிருமிகளே. சேற்றில் நிற்கிற கோரையின் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்; உள்ளே பஞ்சு போல் துளை துளையாக இருக்கும். அந்தத் துளைகள் வழியாகத்தான் மேலேயிருந்து காற்று வேருக்குப் போகிறது. சேற்றில் பிராணவாயு கிடையாதாகையால், தான் மூச்சுவிடுவதற்காகச் செடி செய்து கொண்ட ஏற்பாடு அது. அதில் கொஞ்சம் வேர் நுனிகளில் கசிகிறது. கசிகிற இடத்தில் பிராணவாயு வேண்டும் கிருமிகள் கூடுகின்றன. சற்றுத் தள்ளி, அது வேண்டாத கிருமிகள் கூடுகின்றன. முதல் கூட்டம் மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இரண்டாவது கூட்டம் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி ஆகாயத்தில் விட்டு விடுகிறது. இந்தப் பங்கு அழுக்கு இப்படியாகத் தண்ணீரை விட்டே போய்விடுகிறது. மண்டி கல்லிடுக்கில் தங்குகிறது. நோய்க்கிருமிகள் கல்லிலும் வேரிலும் ஒட்டிக்கொண்டும், நாள் கடந்தும் மடிகின்றன. செடி தன் பங்குக்கு நைட்ரஜனிலும் பாஸ்பரசிலும் கொஞ்சம் எடுத்து இலையும் தண்டுமாக ஆக்கிக் கொள்கிறது.

இந்தச் சமயத்தில் ஒரு தோழர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். படிக்கிறோம்: “கங்கை ஜலம் செம்பில் எத்தனை நாள் இருந்தாலும் கெடுவதில்லையே, அது தெய்வ சக்தியல்லவா?” நல்ல கேள்வி, மறைக்காமல் பதில் சொல்லுகிறோம். 1896இல் ஹாங்கின் என்ற வெள்ளைக்காரர் கங்கை யமுனைத் தண்ணீர் காலராக் கிருமியைக் கொல்லுகிறது என்று எழுதினது வாஸ்தவம். கிருமிகளையே தின்னும் அதிநுண் கிருமிகள் உண்டு என்பதை 1915இல் டுவார்ட்டும் 1917இல் தெரேல் என்பவரும் கண்டார்கள். ஹாங்கின் பார்த்ததற்குக் காரணம் அவையாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அவை கங்கைக்கு மாத்திரம் சொந்தமல்ல. கிருமிகள் எங்கே மலிந்திருக்கின்றனவோ அங்கெல்லாம் அவற்றைத் தின்பவையும் இருக்கும். நம் மேடைக்குப் பின்னாலும் இருக்கும்! கங்கைக்குத் தன்னைத் தானே சுத்தம் செய்து கொள்ளும் தெய்வ சக்தி இருந்தால், 1986 முதல் சர்க்கார் கோடி கோடியாகக் கொட்டிக் கங்கையைச் சுத்தம் செய்யத் திட்டம் போடுவானேன்? சீட்டு அனுப்பின தோழர் கோபித்துக் கொள்ளாமல் யோசிக்க வேண்டுகிறோம்.

சரி, இதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? ஐரோப்பாவில் கல்லுக்கடியில் தண்ணீர் ஓடுகிற பாத்திக்கு ஆள் ஒன்றுக்கு ஏறக்குறைய 5 சதுர மீட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆழம் இரண்டு அடி போதும். 1000 பேர் உள்ள ஊருக்கு 5000 சதுர மீட்டர், அதாவது சுமார் ஒன்றேகால் ஏக்கர் ஆகிறது. அது குளிர் தேசத்துக் கணக்கு. நம் வெயிலில் கிருமிகள் சுறுசுறுப்பாக வேலை செய்யுமாகையால் அதிலும் குறைவான இடம் போதும். ஒன்றேகால் ஏக்கர் புறம்போக்கு இல்லாத ஊர் எது? தேர் நிற்பதற்கு இடம் கிடைக்கிறது. தெப்பத்துக்கு இடம் கிடைக்கிறது.

கல்கத்தாவில் இதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று இருக்கிறது. அதிசயம் என்று சொல்லக் கூடாது, மனிதர் கைவேலை. நகரத்துக்குக் கிழக்கே 12,500 ஹெக்டேர், அதாவது சுமார் 31,000 ஏக்கர் சதுப்பு நிலம். நகரத்துச் சாக்கடைநீர் கால்வாய்களில் அங்கே போகிறது. பேரி என்று சொல்லப்படும் ஆழமில்லாத குளங்களில் அதை அளவோடு விடுகிறார்கள். வெயிலில் பாசி வளர்ந்து பிராணவாயு விடுகிறது. கிருமிகள் அழுக்கைத் தின்கின்றன. பாசியை மீன் தின்கிறது. மீனை நகரத்தார் தின்கிறார்கள். கரையோரத்தில் வெங்காயத்தாமரையை வளர்த்து, அலை மோதிக் கரை கரையாதபடி செய்து கொள்கிறார்கள். இவ்வளவும் செய்தவர்கள் பட்டம் பெற்றவர்களல்ல, மீன்பிடிக்கிற ஏழைகள். எவ்வளவு தண்ணீரை எப்போது விட்டால் மீன் சாகாது என்பதைத் தண்ணீரின் நிறத்தையும் வாசனையையும் கொண்டு கண்டுபிடித்தவர்கள். 1980களில் துருபஜோதி கோஷ் என்ற சர்க்கார் இன்ஜினீயர் நகரத்துச் சாக்கடை எங்கே போகிறது என்று தேடிக்கொண்டு போய் இதைப் பார்த்து உலகத்துக்குச் சொன்னார். 2002இல் அது உலக முக்கியத்துவமுள்ள ராம்சார் சதுப்பு நிலமாக ஏற்கப்பட்டது. வீட்டுமனைக்காரர்களிடமிருந்து அதைக் காப்பாற்ற 1992இல் ஹைக்கோர்ட்டு உத்தரவும் 2006இல் தனிச் சட்டமும் வேண்டியிருந்தன.

வெங்காயத்தாமரை என்றதும் சிலர் முகம் சுளிக்கிறீர்கள். ஆகாயத்தாமரை என்றும் சொல்லுவார்களே, குளத்தை மூடிவிடுகிறதே, அதுதான். தென்அமெரிக்காவிலிருந்து பூவழகுக்காகக் கொண்டு வரப்பட்ட செடி. வங்காளத்தில் அது படுத்தின பாட்டில் 1936இல் அதை ஒழிக்கவே ஒரு சட்டம் போட்டார்கள். அதே செடியை 1970களில் அமெரிக்க விண்வெளி இலாகாவைச் சேர்ந்த வுல்வர்டன் என்பவர் மிசிசிப்பி மாகாணத்தில் சாக்கடைக் குட்டைகளில் விட்டு, நல்ல பலன் கண்டார். தறிகெட்டு வளர்கிற அதே குணம்தான் இங்கே உபயோகப்பட்டது. ஆனால் வளர்ந்ததை வாரி வாரி எடுத்துக் கொண்டே இருக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் அது அங்கேயே செத்து அழுகி, உறிஞ்சியதை எல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். வாரிப் போடுவதும் லேசல்ல. அதன் எடையில் 100க்கு 95 பங்கு தண்ணீர். அன்றியும் திறந்த நீரில் கொசு சேரும். மீன் விட வேண்டும். ஆகையால் நம் ஊர்களுக்குக் கல்லுக்கடியில் ஓடவிடும் முறைதான் நல்லது. மேலே நீர் தெரியாது. கொசு முட்டையிட இடமிராது.

நம் சொந்தத் தோல்வியையும் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் நம் வாசகசாலையின் கழிவுநீருக்கு நாமும் தோழர்களுமாக ஒரு குழி வெட்டிச் சரளைக்கல் நிரப்பி, சம்பும் கல்வாழையும் நட்டோம். இரண்டே மாதத்தில் குழி அடைத்துக் கொண்டு முன்னைவிட அதிகமாக நாறியது. “நாஸ்திகன் நட்ட செடி எப்படி விளங்கும்?” என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். நாஸ்திகம் காரணமல்ல, நம் அவசரம் காரணம். மண்டி தங்குவதற்கு முதலில் தொட்டி கட்டாமல் கழிவை நேரே பாத்திக்குள் விட்டிருந்தோம். கல்லையெல்லாம் எடுத்துக் கழுவி, இரண்டு அறைத் தொட்டி கட்டி மறுபடி நட்டோம். இப்போது கடைசியில் வருகிற தண்ணீரில் நாற்றமில்லை. ஒரு கல்லூரி ஆசிரியர் சோதித்துப் பார்த்து, “அழுக்கு வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் குடிக்கக் கூடாது, வாழைக்கு விடுங்கள்” என்றார். வாழைக்குத்தான் விடுகிறோம். எதிர்வீட்டுப் பெரியவருக்கு வருஷம் ஒரு தார் போகிறது. அதில் தீட்டு ஒன்றும் அவர் பார்ப்பதில்லை.

இதைப் பார்த்து உற்சாகப்பட்டு, ஒரு முனிசிபாலிட்டிக்கு விண்ணப்பம் எழுதினோம். ஊர் பெயர் வேண்டாம். பதில் இன்று வரை வரவில்லை. ஆனால் அதே வருஷம் அந்த ஊர் ஆற்றுக்கு ஆரத்தி எடுக்கப் பந்தல் மாத்திரம் போட்டார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய மூடநம்பிக்கையை விட்டுவிட்டுச் செடியைப் புதுத் தெய்வமாக ஆக்கிக் கொள்ளக் கூடாது. “கோரை நட்டுவிட்டோம், இனி எதையும் ஆற்றில் விடலாம்” என்று ஒரு தொழிற்சாலைக்காரன் சொன்னால் அது புரட்டு. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்களைப் பாருங்கள். அந்தக் கழிவில் குரோமியமும் இருக்கிறது, உப்பும் இருக்கிறது. குரோமியம் போன்ற உலோகத்தை எந்தக் கிருமியாலும் தின்று இல்லாமல் செய்ய முடியாது. கொஞ்சம் சேற்றில் தங்கும். கொஞ்சம் வேரில் ஏறும். பிறகு அந்தச் சேறும் வேருமே விஷச் சரக்கு. அதை மாட்டுக்குப் போடக் கூடாது, எருவாக்கக் கூடாது. உப்போ செடிப்பாத்தியில் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் அப்படியே வெளியே வரும். இவற்றைத் தொழிற்சாலை வாசலிலேயே பிரித்து நிறுத்த வேண்டும். அந்தச் செலவை முதலாளி கொடுக்க வேண்டும். வேலூர் மக்கள் போட்ட வழக்கில் 1996இல் சுப்ரீம் கோர்ட்டு, கெடுத்தவனே கொடுக்க வேண்டும் என்றுதான் தீர்ப்புச் சொல்லியது.

இரண்டாவது சீட்டு: “தொட்டி கட்டச் சொல்லுகிறீரே, அந்தத் தொட்டியில் சேர்கிற மண்டியை எடுப்பது யார்?” இந்தக் கேள்விக்காகவே இவ்வளவு நேரம் பேசினோம் என்று சொல்லலாம். இத்தனை காலமாக எடுத்தது யார் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு ஜாதியில் பிறந்தவன் தலையில் அதைக் கட்டி, கட்டினவனே அவனைத் தீட்டு என்றும் சொன்னான். குழிக்குள் இறங்கி அந்த அழுகின முட்டை வாயுவில் மூச்சடைத்துச் செத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நமக்குத் தெரிந்த ஓர் ஊரில் முதலில் இறங்கினவன் மயங்கி விழ, தூக்கப் போன அவன் தம்பியும் செத்தான். அன்று மாலை அந்த வீட்டுக்காரர் செய்தது என்ன தெரியுமா? புரோகிதரை அழைத்து வீட்டுக்குப் புண்ணியாகவாசனம் செய்ததுதான். 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம். 2014இல் சுப்ரீம் கோர்ட்டு குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது, 2023இல் 30 லட்சம் என்றது. சாவு நிற்கவில்லை.

ஆகவே பதில் இது. மண்டியை யந்திரக் குழாய் போட்டு லாரியில் உறிஞ்ச வேண்டும். தொட்டியைக் கட்டும்போதே ஆள் இறங்க வேண்டாதபடி, குழாய் நுழையும் வாயோடு கட்ட வேண்டும். உறிஞ்சிய மண்டியை ஆற்றில் கொட்டாமல் நாணல் நட்ட மணற்பாத்தியில் பரப்ப வேண்டும். நாணல் வேர் மண்டியைத் துளைத்துத் துளைத்துத் தண்ணீரைக் கீழே வடியவிடும். மண்டி காய்ந்து மட்கும். ஒரு பாத்தி சில வருஷம் தாங்கும். பிறகு பல மாதம் ஆறப்போட்டு, நோய்க்கிருமியும் புழு முட்டையும் ஒழிந்தனவா என்று சோதித்த பிறகே எடுக்க வேண்டும். எடுப்பதற்கு மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த எவனும் போதும், ஜாதி வேண்டாம். கையுறையும் பூட்சும் கொடுத்து, கூலி சரியாகக் கொடுத்தால் நாமும் வருகிறோம்.

மூன்றாவது சீட்டு சுருக்கமானது: “நம்ம ஊரில் எங்கே வெட்டுவது?” பழைய சந்தைத் திடலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே கிடக்கும் புறம்போக்கு போதுமா என்று பார்க்க வேண்டும். சாக்கடை அந்தப் பக்கமாகத்தான் சரிந்து ஓடுகிறது. பம்பு வைக்க வேண்டியிராது என்று தோன்றுகிறது. கண்ணால் பார்த்துச் சொல்லுவதில் பிரயோஜனமில்லை. நாளைக் காலை 7 மணிக்கு நாமும் தலைவர் அவர்களும் கயிறும் மட்டக்கோலும் கொண்டு அளக்கப் போகிறோம். கொத்து வேலை தெரிந்த தோழர் இரண்டு பேர் அவசியம் வரவேண்டும்.